அரசு வேலை நடந்த இடத்துப் பழைய படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலத்துக்குச் சாயம் பூசியவர்கள், கோப்புக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எழுத்தர்கள், நில அளவைக்காரர்கள், அமைச்சரவைக் கூட்டங்கள், இடிப்பதற்கு முந்தைய தெருக்கள். இப்படி அரசாங்கமே எடுத்த, அல்லது அரசாங்கத்துக்காக எடுக்கப்பட்ட பழைய படங்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவை ஏதோ ஒரு வேலைக்காக எடுக்கப்பட்ட படங்கள். அது என்ன வேலை, யார் சொல்லி எடுத்தார்கள், எந்தக் கோப்பில் வைத்தார்கள் என்று தெரிந்தால்தான் படம் முழுசாகப் புரியும்.

அரசாங்கங்கள் எப்போது, எதற்காகப் படம் எடுக்க ஆரம்பித்தன?

கேமரா வந்து சில ஆண்டுகளிலேயே ஆரம்பித்துவிட்டன. 1851-இல் பிரான்சின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் ஐந்து புகைப்படக்காரர்களை நாட்டின் வெவ்வேறு பகுதிகளுக்கு அனுப்பியது. பழுதுபார்க்க வேண்டிய பழைய கட்டடங்களைப் படமெடுத்து வருவதுதான் அவர்கள் வேலை. எடுத்து வந்த நெகட்டிவ்களை ஆணையம் வெளியிடவே இல்லை, அப்படியே உள்ளே வைத்துக்கொண்டது. பொதுமக்கள் பார்ப்பதற்கென்று எடுத்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

1858-இல் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி 19 அடிக்கு நீளும் ஒரே படமாக ஆக்கினார். எழுத்தை யாராவது எங்கோ உட்கார்ந்து படிக்க முடிய வேண்டும் என்பதே நோக்கம். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்திலேயே, செலவு அதிகம் என்று ஆளுநர் டிரெவெல்யன் அந்தப் பதவியையே வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

பாரிஸ் நகரை மாற்றியமைத்த ஓஸ்மான் திட்டத்துக்காக அங்கே பழைய தெருக்கள் இடிக்கப்படும் முன் சார்ல்ஸ் மார்வில் 400-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். கிளாஸ்கோவில் நகர மேம்பாட்டு அமைப்புக்காக தாமஸ் அன்னன் 1868 முதல் 1871 வரை நெரிசலான சந்துகளை எடுத்தார். இரண்டு இடத்திலும் இடிக்கச் சொன்னதும் படம் எடுக்கச் சொன்னதும் ஒரே நிர்வாகம். இந்தப் படங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அன்னனின் சந்துகள் இருட்டாக, ஈரமாக, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கின்றன. இடிப்பதற்கான நியாயமும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

பழைய அதிகாரிகள் ஏன் எல்லாப் படத்திலும் விறைப்பாக இருக்கிறார்கள்?

அசையக் கூடாது என்பதுதான் முதல் காரணம். 1840களில் கட்டடத்துக்குள் எடுக்கப்பட்ட படத்துக்குப் பல நொடிகள் அப்படியே இருக்க வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பதும் உண்டு. 1880 வாக்கில் உலர் தட்டுகள் (ரசாயனம் பூசித் தயாராக வரும் கண்ணாடித் தட்டுகள்) கடைகளில் கிடைக்க ஆரம்பித்த பிறகு வெளிச்சமான இடத்தில் இந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. பதவியின் கண்ணியம் என்றால் இப்படித்தான் உட்கார வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் ஊறிவிட்டது.

அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் தன் அமைச்சரவையோடு இருக்கும் முதல் படம் 1846-இல் எடுக்கப்பட்டது என்று கருதப்படுகிறது. ஜேம்ஸ் போல்க் நடுவில் இருக்கிறார். வெளியுறவு அமைச்சர் புக்கானன் அதில் இல்லை. குரூப் போட்டோவைப் பார்க்கும்போது முகங்களை எண்ணிவிட்டு, அந்த நாளில் பதவியிலிருந்தவர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இல்லாதவர் யார் என்பதும் ஒரு தகவல்.

வேலை செய்கிற மாதிரி நிற்க வைத்து எடுத்த படத்தை நம்பலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நம்பலாம், ஆனால் எதற்காக நம்புகிறோம் என்று தெரிந்து நம்ப வேண்டும்.

அரசு அலுவலகத்துக்குள் எடுத்த பெரும்பாலான படங்களில் ஓரளவு ஏற்பாடு இருக்கும். மேசையைத் துடைத்திருப்பார்கள், நல்ல சட்டை போட்டிருப்பார்கள், பேனாவைக் கையில் பிடித்திருப்பார்கள். அந்தப் பேனா அந்த நொடியில் எதையும் எழுதவில்லை என்பதால் படம் பொய்யாகிவிடாது. மேசையின் அளவு, நாற்காலிகளுக்கு இடையிலான தூரம், யாருக்கு ஜன்னலோரம், யாருக்குச் சுவரோரம், கோப்புகளை எப்படி அடுக்கினார்கள் என்பதையெல்லாம் யாரும் படத்துக்காக மாற்றுவதில்லை. அங்கேதான் கண் நிற்க வேண்டும்.

இதில் ஓர் அரசு நிறுவனமே மாட்டிக்கொண்டதும் உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கக் கிராமப்புறத்தின் நிலையைக் காட்ட ஓர் அரசு அமைப்பு புகைப்படக்காரர்களை அனுப்பியது. 1935-இல் மீள்குடியேற்ற நிர்வாகம் என்ற பெயரில் தொடங்கி, 1937-இல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்று பெயர் மாறியது. படப் பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். அவரிடம் வேலை பார்த்த ஆர்தர் ராத்ஸ்டைன் 1936-இல் தெற்கு டகோட்டாவில் வெடித்துக் கிடந்த நிலத்தில் ஒரு மாட்டு மண்டையோட்டைப் படமெடுத்தார். அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து வேறு கோணங்களிலும் எடுத்திருந்தார். அது தேர்தல் ஆண்டு. அரசை எதிர்த்த பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டு, வறட்சிப் படங்கள் எல்லாமே ஜோடனை என்று எழுதின. வறட்சி உண்மை, நகர்த்தியதும் உண்மை. ஒரு படத்தை மட்டும் பார்த்தால் இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வழியில்லை. அதே வரிசையில் முன்னும் பின்னும் உள்ள நெகட்டிவ்களைப் பார்க்க வேண்டும்.

முழுக்க முழுக்க நிற்க வைத்து எடுத்து, அதனாலேயே உண்மை பேசும் படமும் இருக்கிறது. 1942-இல் அதே அமைப்பில் பயிற்சிக்கு வந்திருந்த கோர்டன் பார்க்ஸ், வாஷிங்டனில் அரசுக் கட்டடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த எல்லா வாட்சன் (Ella Watson) என்ற பெண்ணை ஒரு பெரிய அமெரிக்கக் கொடியின் முன்னால் நிற்க வைத்தார். ஒரு பக்கம் துடைப்பம், இன்னொரு பக்கம் தரை துடைக்கும் மாப். அரசு வேலை என்றதும் நாம் நினைக்கும் கோட்டும் மேசையும் அதில் இல்லை. அந்தக் கட்டடம் காலையில் சுத்தமாக இருந்ததற்குக் காரணமான ஒரு ஊழியர் நேராகப் பார்க்கிறார். பார்க்ஸ் அதோடு விடாமல் அவருடைய வீடு, குடும்பம், தேவாலயம் என்று பல நாள் தொடர்ந்து எடுத்தார். முதல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அந்த வரிசையையும் தேடிப் பாருங்கள். எல்லா வாட்சன் என்ற மனுஷி அங்கேதான் தெரிகிறார்.

படத்தை எடுத்தவர் பெயர் ஏன் பெரும்பாலும் இருப்பதில்லை?

அவரும் ஓர் ஊழியர் என்பதால்தான். சம்பளப் பட்டியலில் இருப்பார், படத்தின் அடியில் இருக்க மாட்டார். துறையின் முத்திரைதான் இருக்கும்.

நியூயார்க் நகரின் பாலங்கள் துறைக்கு 1906 முதல் 1934 வரை படமெடுத்தவர் யூஜின் டி சாலின்யாக். சுமார் 20,000 நெகட்டிவ்கள். 1914 அக்டோபர் 7-இல் புரூக்ளின் பாலத்தின் கம்பிகளில் ஆங்காங்கே சாய்ந்து நிற்கும் சாயம் பூசுபவர்களின் படம் அவர் எடுத்ததுதான். ஆனாலும் அவர் யார் என்று பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியாது. 1999-இல் அந்த நகர ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த மைக்கேல் லோரன்சினி, நெகட்டிவ்களில் எழுதியிருந்த எண்கள் எல்லாம் ஒரே கையெழுத்தாக இருப்பதைக் கவனித்தார். ஆயிரக்கணக்கான படங்களும் ஒரே ஆள் எடுத்தவை என்பது அங்கிருந்துதான் தெரிய வந்தது. அதன் பிறகு பழைய பதிவுகளைத் தோண்டிப் பெயரைக் கண்டுபிடித்தார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது கண்டுபிடித்த விதம். யாரும் படத்தின் அழகை வைத்து ஆளைத் தேடவில்லை. எண், கையெழுத்து, சம்பளப் பதிவு என்று அலுவலகத்தின் சொந்தக் காகிதங்களே வழிகாட்டின. அதனால்தான் பழைய நெகட்டிவ் உறையைக் "குப்பை" என்று தூக்கிப் போடாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

படக்குறிப்பில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

தேதி, இடம், துறை ஆகியவற்றுக்குப் படக்குறிப்பு நல்ல சாட்சி. மனிதர்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. யார் பெயரை எழுதினார்கள், யாரை "உதவியாளருடன்" என்று விட்டார்கள் என்பதில் அந்த அலுவலகத்தின் மேல் கீழ் வரிசை அப்படியே பதிந்திருக்கும்.

அமெரிக்க ராணுவத்துக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்ட எனியாக் கணினி 1946 பிப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தப் படங்களில் எந்திரத்தின் முன்னால் பெண்கள் நிற்கிறார்கள். வெளியான பல படங்களில் அவர்கள் பெயர் இல்லை. 1980களில் மாணவியாக இருந்த கேத்தி கிளைமன் இவர்கள் யார் என்று விசாரித்தபோது, எந்திரம் நன்றாகத் தெரிவதற்காக நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்தது. உண்மையில் அவர்கள்தான் அந்தக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். படம் எடுத்த நாளில் ஆறு பெயரை எழுத எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? எழுதாததால் நாற்பது ஆண்டு போய்விட்டது.

ஆகவே பழைய படத்தில் பெயரில்லாத பெண்ணையோ கீழ்நிலை ஊழியரையோ பார்த்தால், "ஏதோ உதவிக்கு நின்றவர்" என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஆண்டின் ஊழியர் பட்டியல், தொலைபேசிக் கையேடு, துறையின் ஆண்டறிக்கை, உள் இதழ் என்று தேட இடம் இருக்கிறது.

படத்தில் இருப்பவர்கள் சம்மதித்தார்களா?

பல சமயம் இல்லை, அல்லது கேட்கப்படவே இல்லை. அதிகாரி தனக்கு வேண்டியபடி உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். அவருக்கு எதிரே நின்ற மனு கொடுப்பவர், கைதி, நோயாளி, நிவாரண வரிசையில் நின்றவர் ஆகியோருக்கு அந்தத் தேர்வு இல்லை. பாரிஸ் காவல்துறையில் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் 1880களில் ஒழுங்குபடுத்திய நேர்முகம், பக்கவாட்டு முகம் என்ற ஜோடிப் படங்கள் இதற்கு முழு உதாரணம்.

டொரோதியா லாங்கே 1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் எடுத்த, குழந்தைகளோடு கன்னத்தில் கைவைத்திருக்கும் தாயின் படம் அரசுக்காக எடுக்கப்பட்டதுதான். உலகம் முழுக்க அச்சானது. லாங்கே அவர் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978-இல்தான் பொதுவில் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு நன்மையும் வரவில்லை என்ற வருத்தத்தை அவரே சொன்னார். இந்தப் படத்தைப் பகிர்பவர்கள் எடுத்தவர் பெயரோடு அவர் பெயரையும் எழுதுங்கள்.

சிறை, மருத்துவமனை, அகதி முகாம் படங்களில் அடையாளம் தெரியும் முகங்களைப் பகிர்வதற்கு முன் நிதானம் வேண்டும். காப்பகம் திறந்து வைத்திருக்கிறது என்பது மட்டும் போதாது என்பது என் நிலைப்பாடு. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள்.

அரசே படத்தைத் திருத்தியது உண்டா?

உண்டு. சோவியத் ரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த நிக்கோலாய் யெஷோவ், மாஸ்கோ கால்வாய் ஓரமாக ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நடந்துவரும் படம் இருக்கிறது. 1940-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னால் வெளியான படத்தில் அவர் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது. முந்தைய பிரிண்ட் தப்பியதால்தான் நமக்கு இது தெரிகிறது.

சின்னத் திருத்தங்களும் உண்டு. லாங்கே மேலே சொன்ன தாயின் படத்தில் ஓரமாகத் தெரிந்த ஒரு கட்டைவிரலைப் பின்னாளில் நெகட்டிவிலேயே மங்கலாக்கச் செய்தார். ஸ்ட்ரைக்கரோ தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் பஞ்ச் கருவியால் ஓட்டை போட்டார். முகத்தின் நடுவிலும் வயல் நடுவிலும் கறுப்பு வட்டத்தோடு அந்தப் படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. ஓட்டை போட்டாலும் தூக்கி எறியாமல் விட்டது நம் அதிர்ஷ்டம். எதை வேண்டாம் என்றார் என்று பார்ப்பது, எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பார்ப்பதைவிடச் சில நேரம் அதிகம் சொல்கிறது.

தேதியில்லாத படத்தின் காலத்தை எப்படிக் கணிப்பது?

படத்துக்குள் இருக்கும் மிகப் புதிய பொருளைத் தேடுங்கள். படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. தட்டச்சு எந்திரம் பரவலாக விற்பனைக்கு வந்தது 1874-இலிருந்து. மேசையில் அது இருந்தால் அதற்குப் பிறகுதான். நிழல் கூர்மையாக, பின்சுவரில் பளிச்சென்று விழுந்திருந்தால் பளிச்சொளி பயன்படுத்தியிருக்கலாம்: மக்னீசியப் பொடி 1887-இலிருந்து, பல்பு 1929 வாக்கிலிருந்து. பழைய பொருளை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். அரசு அலுவலகத்தில் மேசையும் அலமாரியும் ஐம்பது ஆண்டு உழைக்கும்.

அப்புறம் சுவரைப் பாருங்கள். நாட்காட்டி, கடிகாரம், மாட்டியிருக்கும் ஆட்சியாளர் படம், வரைபடத்தில் உள்ள எல்லைக்கோடு. நல்ல தெளிவில் ஸ்கேன் செய்த கோப்பைப் பெரிதாக்கினால் நாட்காட்டியின் மாதத்தைக்கூடப் படித்துவிடலாம். மாதத்தின் 1-ஆம் தேதி என்ன கிழமையில் விழுகிறது என்று தெரிந்தாலே ஆண்டுகளைச் சுருக்கிவிடலாம். சீருடையின் தோள்பட்டைச் சின்னங்கள், வண்டிகளின் எண் பலகை ஆகியவையும் உதவும். துறையின் பெயர்ப்பலகை இருந்தால் வேலை பாதி முடிந்தது, ஏனென்றால் துறைகள் எப்போது பெயர் மாறின என்பதற்கு ஆணைகள் இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றினால் சீருடையின் நிறம் தெரிந்துவிடுமா?

தெரியாது. பழைய தட்டுகள் சிவப்பை உணராது, அது கறுப்பாகவே விழும். நீலம் வெளுத்துத் தெரியும். மென்பொருள் ஊகிக்கிறது, அவ்வளவுதான். வண்ணமேற்றினால் தனிக் கோப்பாக வையுங்கள், வண்ணம் ஏற்றியது என்று எழுதிவிடுங்கள்.

எங்கே தேடலாம்?

ஸ்ட்ரைக்கரின் தொகுப்பும், அதைத் தொடர்ந்து வந்த போர்க்காலத் தகவல் அலுவலகத்தின் படங்களும் சேர்ந்து சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனி அலுவலகத்தின் படத் தொகுப்பு இருக்கிறது. ஜெர்மனியின் கூட்டாட்சிக் காப்பகம் 2008-இல் சுமார் 80,000 படங்களை விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கொடுத்தது. படம் பகிரும் தளமான ஃபிளிக்கரில் காப்பகங்களின் படங்களுக்கான பொதுப் பகுதி அதே 2008-இல் தொடங்கியது. அங்கே பார்வையாளர்கள் எழுதும் கருத்துகளால் பல படங்களுக்கு இடமும் பெயரும் கிடைத்திருக்கின்றன.

தேடும்போது துறையின் இன்றைய பெயரைப் போடாதீர்கள். படம் எடுத்த காலத்துப் பெயர், பழைய எழுத்துக்கூட்டல், அப்போதைய பதவிப் பெயர் ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு நல்ல படம் கிடைத்ததும் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அதே அறை, அதே மதியம், படத்துக்காக நிற்காத மனிதர்கள் அங்கே கிடைப்பார்கள்.

இந்தப் படங்களை என் கட்டுரையிலோ புத்தகத்திலோ போடலாமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கக் கூட்டாட்சி ஊழியர் தன் பணியின் பகுதியாக எடுத்த படத்துக்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. மாநிலம், மாநகராட்சி, ஒப்பந்தக்காரர் எடுத்தவற்றுக்கு இந்த விதி தானாகப் பொருந்தாது. பிரிட்டிஷ் அரசு 1957 ஜூன் 1-க்கு முன் எடுத்த படங்களின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. இந்தியச் சட்டத்தில் அரசுப் படைப்புக்கு வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். உரிமை இல்லாத படமாக இருந்தாலும் காப்பகத்தின் பெயரையும் எண்ணையும் போடுங்கள், அடுத்தவர் தேடிப் போக முடியும்.

வீட்டில் தாத்தாவின் அலுவலகப் படங்களும் நெகட்டிவ்களும் இருக்கின்றன. என்ன செய்ய?

முதலில் மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது. மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, சீக்கிரம் ஸ்கேன் செய்யுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிமாக இருந்து, மஞ்சளித்து, பிசுபிசுவென்று ஒட்டி, நெடியடித்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் அணைக்க முடியாது. கொளுத்திப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். அருகிலுள்ள காப்பகத்தையோ அருங்காட்சியகத்தையோ கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பிரிண்ட்கள் என்றால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரை, எண், கிறுக்கல் எல்லாம் பின்பக்கம்தான் இருக்கும். பேனாவால் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும். டேப் ஒட்டாதீர்கள். ஆல்பத்திலிருந்து பிய்ப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வரிசையைக் காப்பாற்றுங்கள். கோப்பில் எது முதலில், எது அடுத்து என்பதும் ஆவணம்தான்.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இதையெல்லாம்விட முதலில் அவர்களிடம் படத்தைக் காட்டுங்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய அதிகாரியின் பெயர் எப்படியும் எங்காவது கிடைத்துவிடும். கடைசி வரிசை ஓரத்தில் நிற்பவரைப் பற்றிக் கேளுங்கள். சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, ஒவ்வொரு முகத்துக்கும் இடமிருந்து வலமாக எண் போட்டு ஒரு தாளில் எழுதி, படத்தோடு வையுங்கள். காப்பகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தத் தாளும் கூடப் போகட்டும்.